இலையில் வராத மஞ்சள்

பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். முதலில் நான் கண்டது ஒரு பிஸ்கட் தகரம். அச்சுக்கூடத்திலிருந்து வந்து ஈரம் காயாத புரூப் தாளின் மேலேயே அதை ஒரு கை வைத்தது. தகரத்தில் மணல். மணலில் விரல் நீளத்துக்கு வெட்டிய இரண்டு இலைத் துண்டுகள் செருகியிருந்தன. துண்டுகளின் இரு ஓரத்திலும் மஞ்சள் கோடு ஓடியது. ஒவ்வொரு துண்டின் அடியிலும் ஈட்டி முனை போல ஒரு முளை. முளைகளில் மஞ்சள் இல்லை. முழுப் பச்சை.

பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். வெள்ளைச் சேலை, கழுத்தில் கறுப்பு நூலில் சிறிய சிலுவை. டிராமில் தகரத்தை மடியில் வைத்து வந்திருக்கிறார். சேலையில் வட்டமாக மண் ஒட்டியிருந்தது.

"வீட்டுப் பக்கம் எழுதுறது நீங்களா மிஸ்டர்?"

"ஓம்."

"அப்ப இதப் பாருங்க. மஞ்சள் எங்க?"

நான் வேலை செய்த பத்திரிகையில் இப்போது வீட்டுப் பக்கத்தைப் பார்க்கும் இளையவர்கள் இருவர் சென்ற மாதம் வெள்ளவத்தைக்கு என்னைப் பார்க்க வந்தார்கள். வீட்டுக் குறிப்புகளும் தோட்டக் குறிப்புகளும் வரும் அந்தப் பக்கம் இப்போது பெரும்பாலும் வெளிநாட்டுச் சஞ்சிகைகளிலிருந்து மொழிபெயர்க்கப்படுகிறது. மொழிபெயர்ப்பு நன்றாகத்தான் இருக்கிறது. அவர்களில் ஒருவர் கேட்டார்: "சேர், நீங்கள் பார்த்த காலம் முழுக்க அந்தப் பக்கத்திலை ஒரேயொரு திருத்தம்தான் வந்ததாமே, உண்மையோ?" உண்மை. அந்த ஒன்று எப்படி வந்தது என்பதையும், இரண்டாவது ஏன் வரவில்லை என்பதையும் எழுதித் தருவதாகச் சொன்னேன். இது அது.

நான் சேர்ந்தது புரூப் பார்ப்பவனாக. மூன்று வருடம் எழுத்துப்பிழை, இரண்டு வருடம் துறைமுகச் செய்தி, ஒரு வருடம் நீதிமன்றம். என் பயிற்சி அவ்வளவுதான். வீட்டுப் பக்கம் என் கைக்கு வந்ததற்குக் காரணம், வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கும் காலி வீதிக்கும் நடுவே இருந்த என் வாடகை வீட்டு விறாந்தையில் முப்பது தொட்டி இருந்தது ஆசிரியருக்குத் தெரிந்திருந்ததுதான்.

ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேட்டியும் மூடிய கழுத்துக் கோட்டும் அணிவார். அவர் யாரையும் சத்தம் போட்டு ஏசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைப்பார். துடைக்கும் நேரம் கூடக் கூடக் கோபமும் கூடுதல் என்று அர்த்தம். அவர் வைத்திருந்த முறை ஒன்று வேறெந்தப் பத்திரிகையிலும் இருந்ததாக நான் அறியேன். ஒவ்வொரு கையெழுத்துப் பிரதியின் இடப்பக்கமும் இரண்டு விரல் அகலம் வெறுமையாக விட வேண்டும். அந்த வெற்றிடத்தில், எழுதிய ஒவ்வொரு தகவலுக்கும் நேரே, எழுதியவர் 'க' என்றோ 'கே' என்றோ போட வேண்டும். கண்டது, கேட்டது. கண்டது என்றால் சொந்தக் கண்ணால். புத்தகத்தில் படித்தது, ஒருவர் சொன்னது, எல்லாருக்கும் தெரிந்தது எல்லாமே கேட்டதுதான். 'கே' போட்ட வரி அச்சுக்குப் போகும்போது, யார் சொன்னது என்பது வாக்கியத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். கொலை வழக்குக்கும் இதே முறை. கத்தரிக்காய் வற்றலுக்கும் இதே முறை.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முந்திய ஒரு ஜனவரியில், வீட்டில் மருள் வளர்ப்பது பற்றி எழுதினேன். பாம்புத் தோல் போலப் பட்டை போட்ட நீண்ட இலைகள் மண்ணிலிருந்து நேரே நிமிர்ந்து நிற்குமே, அந்தச் செடி. சிலர் பாம்புக் கற்றாழை என்பார்கள். தண்ணீர் மறந்தாலும் சாகாது, வெயில் இல்லாவிட்டாலும் வளரும் என்பதால் கொழும்பின் நெருக்கமான வீடுகளுக்குப் பொருந்தும். அந்தக் காலத்தில் நான்கு வகை கிடைத்தது. வேலியோரத்தில் தானாக வளரும் நாட்டு மருள், சிங்களத்தில் நியந்த. ஒடுங்கிய சாம்பல் பச்சை இலை, உப்புக் காற்றைத் தாங்கும், ஆகவே வெள்ளவத்தை, தெஹிவளை போன்ற கடலோர வீட்டு வாசலுக்கு. மார்பளவு உயரும் பட்டை வகை, வெளிச்சம் குறைந்த நடைக்கு. ஈட்டி போல உருண்ட இலை வகை, முழு வெயிலுக்கு. நான்காவது, இலையின் இரு ஓரமும் மஞ்சள் கரை ஓடும் வகை. அது கப்பலில் வந்தது. கொழும்பில் அதை வைத்திருந்தவர்களை அப்போது எண்ணிவிடலாம். அதற்கு வெளிச்சம் வேண்டும். இருட்டில் மஞ்சள் மங்கும்.

எந்த வகைக்கு எந்த இடம் என்று எழுதிவிட்டு, பெருக்கும் முறைக்கு வந்தேன். இலையை நான்கு விரல் அகலத் துண்டுகளாக வெட்டி, வெட்டு வாயை இரண்டு நாள் காயவிட்டு, எது அடி எது நுனி என்பது மாறாமல் மணலில் செருக வேண்டும். தலைகீழாகச் செருகிய துண்டு வேர் விடாது. இதெல்லாம் நான் செய்து கண்டது. பின்பு இப்படி எழுதினேன்: "எல்லா வகையும் இலைத்துண்டில் வரும். இலை போதும், கிழங்கு வேண்டியதில்லை." வெற்றிடத்தில் 'க' போட்டேன்.

நாட்டு மருளை இலையிலிருந்து முளைக்க வைத்திருந்தேன். பட்டை வகையையும் வைத்திருந்தேன். மஞ்சள் ஓரத்தை வைத்ததில்லை. என்னிடம் அது ஒரு தொட்டிதான், இலையை வெட்ட மனம் வரவில்லை. செடி விற்கும் சிங்களவர் ஒருவரிடம் கேட்டேன். "ஏகத் எஹெம தமய் மாத்தயா," அதுவும் அப்படித்தான் என்றார். நான்கு வகையையும் ஒரே வரியில் சேர்த்து ஒரே 'க' போட்டேன். அந்த எழுத்துக்கு ஓர் இரட்டைக் கொம்பும் போட்டுக் 'கே' ஆக்கியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

தகரத்தோடு வந்தவரின் பெயர் பிலோமினா. கொட்டாஞ்சேனை. கணவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர். இரண்டு வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். ஒருமுறை கப்பல்காரர் ஒருவர் அவருக்கு இதே பிஸ்கட் தகரத்தில் ஒரு மஞ்சள் ஓரக் கன்று கொடுத்திருக்கிறார். அது எட்டு இலையாகியது. அவர்களுடைய கத்தோலிக்கக் கோவிலில் திருநாள் பீடத்தை அலங்கரிப்பது அக்கம்பக்க ஒழுங்கைகளின், அதாவது சந்துகளின், சுழற்சி முறை. நான்கு ஒழுங்கை, ஆகவே ஒவ்வொன்றுக்கும் நான்கு வருடத்துக்கு ஒருமுறை. அந்த டிசம்பர் பிலோமினாவின் ஒழுங்கைக்கு. பீடத்தின் இரு பக்கமும் ஆறு ஆறு படி. கடதாசிப் பூ வைப்போம் என்று மற்றவர்கள் சொன்னபோது, என் வீட்டுக்காரரின் மஞ்சள் செடியில் பன்னிரண்டு தொட்டி நான் தருகிறேன் என்று கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் சொன்னார்.

"எட்டு இலையும் வெட்டிட்டன் மிஸ்டர். பதினாறு துண்டு. ஒம்பது முளைச்சிருக்கு. ஒம்பதும் பச்சை. வேலியில நிக்கிற மருளுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அவர்ட செடி எண்டு நான் எதக் கொண்டுபோய் வைக்க?"

அவரை ஆசிரியரின் அறைக்கு அழைத்துப் போனேன். அவர் எழுந்து நின்று நாற்காலி காட்டினார். முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். முளைகளை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"கந்தையா, ஜனவரிப் பிரதியை எடுத்துவாரும்."

பழைய பிரதிகள் கட்டுக்கட்டாக இருக்கும். எடுத்து வந்தேன். அந்த வரியைத் தேடி, வெற்றிடத்தில் பெருவிரலை வைத்தார்.

"இது ஆர் போட்டது?"

"நான் ஐயா."

"மஞ்சள் ஓரத்தை இலையிலை முளைக்க வைச்சு நீர் கண்டனீரோ?"

"நாட்டு மருளிலை கண்டனான் ஐயா. பட்டை வகையிலையும்..."

"நான் கேட்டது மஞ்சளை."

"அது கேட்டது ஐயா. செடி விக்கிற ஒராள் சொன்னவர்."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிலோமினாவுக்கே பொறுக்கவில்லை.

"அவரைப் பேச வேணாம் ஐயா. பேச்சு எனக்கு எதுக்கு? எனக்குச் செடிதான் வேணும்."

"அம்மா சொல்லுறது சரி," என்றார் ஆசிரியர். "திருத்தம் ஞாயிறு வரும். பிழை வந்த அதே இடத்திலை, அதே எழுத்திலை. மூலைக்குள்ளை ஒளிக்கிறதில்லை. பச்சையாய் முளைச்சதை நீர் இப்ப கண்டிட்டீர், அதை எழுதும். ஏன் எண்டு தெரியாது எண்டும் எழுதும். ஆனால் பாரும், திருத்தம் போட்டால் பத்திரிகைதான் நிமிரும், இந்த அம்மாவின்ரை செடி நிமிராது. கிளம்பும். இப்பவே அவவோடை போம்."

போனேன். டிராமில் தகரத்தை நான் மடியில் வைத்திருந்தேன்.

அந்த ஒழுங்கையில் பத்து வீடு, பொதுக் குழாய் ஒன்று, குழாயைச் சுற்றிச் சீமெந்துக் கட்டு. பிலோமினாவின் முற்றம் ஒரு கட்டிலின் அகலம்தான், ஆனால் பெருக்கித் தெளித்திருந்தது. ஏழு சட்டிகள் வரிசையாக. ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தேன். ஒன்றிலும் மஞ்சள் இல்லை. அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். என் வீட்டு மஞ்சள் ஓரச் செடி பக்கத்தில் ஒரு கன்று விட்டிருந்தது. அந்தக் கன்றுக்கு மஞ்சள் இருந்தது. அது கிழங்கிலிருந்து வந்தது. இதை நான் என் கண்ணால் கண்டிருந்தேன்.

"கிழங்கு எங்கை?"

"எந்தக் கிழங்கு?"

"இலையை வெட்டின பிறகு மண்ணுக்குள்ளை இருந்தது."

அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. "வேண்டியதில்லை எண்டு எழுதினது ஆரு? எறிஞ்சிட்டன்."

"எங்கை?"

"குழாயடிச் சாம்பல் மேட்டில."

குழாயடிக்குப் போனோம். சாம்பல் மேடு இல்லை. தரை சுத்தமாக இருந்தது. முனிசிப்பல் வண்டி வந்து அள்ளிப் போய் ஒரு மாதமாகிறது, அதன் பிறகு அங்கே கொட்ட விடுவதில்லை என்றார் பிலோமினா. சொல்லிவிட்டு அந்தச் சீமெந்துக் கட்டில் உட்கார்ந்தார். அழவில்லை. உட்கார்ந்து, காலியாகிவிட்ட தரையைப் பார்த்தார்.

பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலாக ஒரு முக்காட்டுத் தலை தெரிந்தது. அந்த வீட்டு முஸ்லிம் அம்மா, ஒழுங்கையில் எல்லாருக்கும் உம்மா. பெரிய உடம்பு, கணீரென்ற குரல். குழாயில் தண்ணீர் பிடிக்கும் முறை பற்றிய சண்டையால் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"என்ன மகன் தேடுற? மஞ்சளா ஈக்கிற கெழங்கா?"

பிலோமினா எழுந்தார்.

"வண்டிக்காரன் அள்ளக்குள்ள கண்டன். உசிரு ஈக்கிற சாமான எறியப்படாதுண்டு எடுத்து வெச்சன்."

"ஒரு மாசமா உங்கட வீட்டிலயா உம்மா? ஒரு வார்த்த சொல்லலியே!"

"எப்பிடிச் சொல்ற? நீங்க எறிஞ்சத நான் எடுத்தேண்டு சொன்னா, தண்ணியத்தான் எடுத்தா, இப்ப குப்பையையும் எடுக்கிறாண்டு நீங்க பேச மாட்டீங்களா?"

"பேசியிருப்பன்," என்றார் பிலோமினா.

"அதுதான்."

உம்மா கொண்டுவந்தது நீல விளிம்பு போட்ட ஒரு எனாமல் பேசின். விளிம்பில் ஓரிடத்தில் எனாமல் உடைந்து இரும்பு தெரிந்தது. உள்ளே சேறு. தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். பேசினின் அடியில் துவாரம் இல்லை. கையை விட்டுக் கிழங்கை எடுத்தேன். ஒரு பாதி விரலுக்கு நசுங்கியது.

இந்த இடத்தை விரிவாக எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். வீட்டுப் பக்கத்துக்காக நான் செய்த வேலைகளில் இதைப் போல வேறொன்று இல்லை.

முதலில் கழுவினேன். தண்ணீரில் ஊறவிடவில்லை, ஒருமுறை ஊற்றி மண்ணை நீக்கினேன். பின்பு பெருவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அரை அங்குலத்துக்கு ஓரிடம் அழுத்திப் பார்த்தேன். இறுகிய இடத்துக்கும் நசுங்கிய இடத்துக்கும் எல்லை எங்கே என்று கரியால் கோடு போட்டேன். பிலோமினாவின் காய்வெட்டும் கத்தியை விளக்குச் சுவாலையில் பிடித்து ஆறவிட்டு, கோட்டுக்கு ஒரு விரல் உள்ளே வெட்டினேன். வெட்டு முகத்தில் இன்னும் மண்ணிறப் புள்ளிகள் இருந்தன. இன்னும் ஒரு விரல். புள்ளிகள் குறைந்தன. மூன்றாவது வெட்டில் முகம் சுத்தமாக, வெளிறிய செம்மஞ்சளாக வந்தது. பிலோமினா ஒவ்வொரு வெட்டுக்கும் மூச்சை இழுத்தார். மிஞ்சியது என் உள்ளங்கை நீளம்.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்களை எண்ணினேன். கன்று வரும் இடத்தில் சிறு கொப்பளம் போல இருக்கும். நான்கு. மூன்று திரண்டவை, ஒன்று கடுகு அளவு. கண்ணுக்கு ஒன்றாக நான்கு துண்டாக வெட்டினேன். அடுப்புக்கரியை இடித்து வெட்டு முகமெல்லாம் பூசினேன். என் பையிலிருந்த பழைய புரூப் தாளை விரித்து, நான்கையும் அதன் மேல் நிழலில் வைத்தேன். மூன்று நாள் யாரும் தொடக்கூடாது என்றேன்.

"தண்ணி?" என்றார் உம்மா.

"ஒரு துளியும் வேண்டாம்."

"பச்சப் புள்ளய பட்டினி போடுறீங்களே!"

நான்காம் நாள் மறுபடியும் போய் நட்டேன். ஆற்று மணல் இரண்டு பங்கு, உடைத்த செங்கல் ஒரு பங்கு, மக்கிய இலை ஒரு பிடி. மூன்று பெரிய துண்டுகளும் பிலோமினாவின் மூன்று சட்டியில். கடுகுக் கண் துண்டைக் கையில் வைத்து யோசித்தேன். பிலோமினா மதிலைப் பார்த்து, "உம்மா, அந்தப் பேசினத் தாங்க," என்றார். நான் ஆணியும் கல்லும் கொண்டு பேசினின் அடியில் ஐந்து துவாரம் போட்டேன்.

"என்ட பேசின ஓட்ட போட்டுட்டீங்களே மகன்! இனி எதில உடுப்பு தோய்க்கிற?"

"இது உங்கட பங்கு உம்மா," என்றார் பிலோமினா. "தண்ணி ஊத்தினா கைய ஒடைப்பன்."

திருத்தம் ஞாயிறு வந்தது. அதே பக்கம், அதே பத்தி, அதே எழுத்து. தலைப்பு: "நாம் எழுதியது பிழை." அதன் பிறகு ஒவ்வொரு திங்களும் பத்து மணிக்கு ஆசிரியர் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் கொட்டாஞ்சேனை போவேன். ஏழாவது வாரம் முதலாவது சட்டியில் மண் வெடித்து ஒரு முனை வந்தது. சுருட்டிய கடதாசி போல இறுகியிருந்தது. வெளியிலிருந்து நிறம் சொல்ல முடியாது.

"மஞ்சளா?" என்றார் பிலோமினா.

"இன்னும் தெரியாது."

"மஞ்சளாத்தான் இருக்கும் எண்டு சொல்லுங்களன். வாயாலயாவது."

"இல்லை அம்மா. ஒருதரம் சொல்லித்தானே இப்படி வந்தது."

திங்கட்கிழமை ஆசிரியரிடமும் அதையே சொன்னேன். தலையாட்டினார். அவர் என்னைப் பாராட்டியதென்று சொல்லக்கூடியது அந்தத் தலையாட்டல்தான். அதற்கடுத்த சனிக்கிழமையும் தெரியவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நான் ஒழுங்கைக்குள் திரும்பியபோது பிலோமினா வாசலில் நின்றிருந்தார். ஒதுங்கி வழிவிட்டார். இலை அரை விரல் விரிந்திருந்தது. ஓரத்தில் நூல் அளவு மஞ்சள்.

"நான் முதலே கண்டிட்டன்," என்றார். "நீங்க உங்கட கண்ணால காணாம நம்ப மாட்டீங்க எண்டுதான் சொல்லல."

இந்த மாதங்களில் நான் வேறொரு வேலையும் செய்தேன். ஆசிரியர் சொல்லவில்லை, நானாகச் செய்தேன். என் மஞ்சள் ஓரச் செடியின் ஓர் இலையையும், பட்டை வகை, உருளை வகை, நாட்டு மருள் ஒவ்வொன்றின் ஓர் இலையையும் வெட்டி, பெயர்ச்சீட்டுப் போட்டு, அலுவலக விறாந்தையில் நட்டேன். பெயர்ச்சீட்டுகள் கல்லறைக் கற்கள் போல நின்றதால் அச்சுக்கோர்ப்பவர்கள் அதற்கு 'கந்தையாவின் சவக்காலை' என்று பெயர் வைத்தார்கள். உருளை வகை ஆக மெதுவாக வந்தது. மஞ்சள் ஓரத்தின் துண்டு ஆறும் பச்சையாக வந்தன. தாவரவியல் படித்த ஒருவர் பின்னர் எனக்குச் சொன்ன விளக்கம்: மஞ்சள் என்பது அந்தச் செடியின் வெளி அடுக்கில் உள்ளது, வெட்டிய இலையின் முளை உள்ளிருந்து வருவதால் அதைக் கொண்டுவராது, கிழங்கின் கண் எல்லா அடுக்கையும் சேர்த்துக் கொண்டுவரும். இது கேட்டது. ஆறும் பச்சையானது கண்டது.

அன்று முதல், என் கைகளில் முளைக்காத எதையும் முளைக்கும் என்று அந்தப் பக்கம் சொல்லவில்லை. ஒரு வாசகர் பிச்சி பதியம் பற்றிக் கேட்டால், பதியம் வேர் விடும் வரை காத்திருந்துதான் பதில் எழுதுவேன். சில பதில்கள் நான்கு மாதம் பிந்தின. வாசகர்கள் காத்திருந்தார்கள். மருள் வீட்டுக்குப் பாம்பை அழைக்குமா என்று தெஹிவளையிலிருந்து ஒருவர் எழுதினார். முப்பது தொட்டி வைத்திருக்கும் என் வீட்டில் இதுவரை பாம்பு கண்டதில்லை, இனி வந்தால் எழுதுவேன் என்று பதில் போட்டேன். அதிகமாகத் தண்ணீர் விட்டு அழுகிய கிழங்கைத் தாளில் சுற்றிக்கொண்டு வத்தளையிலிருந்தெல்லாம் ஆட்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். அடி நசுங்கினால் வெட்டு, கரி பூசு, காயவிடு, துவாரம் போடு. யுத்தம் முடிந்தபின் குருவிக்கூடு போலக் குட்டையாக வளரும் வகை கொழும்புக்கு வந்தபோது, மேசைக்கு ஏற்றது என்று எல்லாரும் எழுதினார்கள். நான் எட்டு மாதம் கழித்து எழுதினேன். அந்தப் பச்சைக் குட்டை வகை இலைத்துண்டிலும் மாறாமல் வரும் என்று எழுதினேன். இன்றும் அது சரி. நான் ஓய்வுபெற்ற நாளில் ஆசிரியரின் கதிரையில் வேறொருவர் இருந்தார். ஆனால் என் பிரதிகளின் இடப்பக்கம் இரண்டு விரல் வெறுமையாகவே இருந்தது. இளையவர்களுக்கு நான் காட்டக்கூடியது அந்த இரண்டு விரல்தான். அதற்காக நான் வெட்கப்படவில்லை.

திருநாளுக்கு வருகிறேன். டிசம்பருக்குள் மூன்று சட்டியிலும் மஞ்சள் ஓரம், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று இலை, முழங்கை உயரம். பேசினில் இருந்த கடுகுக் கண் அப்போதும் மண்ணுக்குள்ளேதான். பிலோமினா சொன்னது பன்னிரண்டு. கையில் இருந்தது மூன்று. என் தொட்டியைத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். கணவரின் செடி என்று சொன்னது கணவரின் செடியாகத்தான் இருக்க வேண்டும்.

திருநாள் காலை ஏழு மணிக்கு நான் போனேன். ஆசிரியரும் வந்திருந்தார், அவர் சைவர், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வாசலோரம் நின்றார். பீடத்தின் இரு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு படி. மேல்படிகளில் மஞ்சள் ஓரம் மூன்று. மற்ற ஒன்பதிலும், வேர்விட்ட இலைத்துண்டுகளில் வளர்ந்த பச்சை. எல்லாச் சட்டியும் வெள்ளை பூசியிருந்தது. கடதாசிப் பூவுக்கு ஆதரவாகப் பேசிய ஒரு பெண் பிலோமினாவின் பக்கத்தில் வந்தார்.

"என்ன பிலோமினா, பாதி வழியில சாயம் தீந்துபோச்சா?"

பிலோமினா திரும்பவே இல்லை. "எல்லாம் அவர்ட செடிதான். தாயில வந்தது மூண்டு. பேப்பர்ல வந்தது ஒம்பது."

ஆசிரியர் அதைக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, மறுபடி போட்டுக்கொண்டார். விரலை நீட்டிப் பன்னிரண்டையும் எண்ணினார். "எழுதும்," என்றார். மறுநாள் திருநாள் செய்தியில் அந்த வரி வந்தது: பீடத்தில் பன்னிரண்டு தொட்டி மருள், மூன்று மஞ்சள் ஓரம், ஒன்பது பச்சை.

நான்கு வருடம் கழித்து அந்த ஒழுங்கையின் முறை மறுபடியும் வந்தது. யுத்த காலம். கொழும்பில் ஜப்பான் குண்டு விழுந்த பிறகு ஒழுங்கையில் பாதி வீட்டுக்காரர் ஊர்களுக்குப் போய்விட்டார்கள். உம்மாவின் வீட்டுக் கதவிலும் பூட்டுத் தொங்கியது. பிலோமினா போகவில்லை. நான் காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். பீடத்தில் பன்னிரண்டு தொட்டி. ஒவ்வொன்றாகக் கிட்டப் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டிலும் மஞ்சள் ஓரம் இருந்தது. பதினொன்று வெள்ளை பூசிய மண்சட்டி. மேல்படியில் இருந்தது விளிம்பு உடைந்த நீல எனாமல் பேசின்.